பழைய பேஸ்பால் படங்களில் இருப்பவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1840-கள் தொடங்கி 1910-கள் வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட பேஸ்பால் படங்கள் இன்று ஆயிரக்கணக்கில் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றில் இருக்கும் ஆட்களில் ஏகப்பட்ட பேருக்குப் பெயர் இல்லை. பெயர் போட்டிருக்கும் படங்களிலும் பல தவறு. அந்த முகங்களுக்குச் சரியான பெயரைத் தேடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களும் படிக்கலாம். பந்து எறிபவர் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் நின்று பிடிப்பவர் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. இது தெரிந்தால் போதும்.

விளையாட்டு வீரரின் பெயர் எப்படித் தெரியாமல் போகும்? முதுகில் எண் இருக்குமே?

அந்தக் காலத்தில் எண் கிடையாது. 1916-ல் கிளீவ்லாண்ட் அணி சட்டைக் கையில் எண் தைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1929-ல் கிளீவ்லாண்டும் நியூயார்க் யாங்கீஸும் முதுகில் எண் போட்ட பிறகுதான் அது வழக்கமானது. அதற்கு முந்தைய படங்களில் சட்டையில் ஊர்ப் பெயரோ ஒற்றை எழுத்தோ இருந்தாலே பெரிய விஷயம்.

அணிகளும் நிலையாக இருக்கவில்லை. வெளியூர் போன இடத்தில் ஒருவருக்குக் கை அடிபட்டால், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அன்றைக்கு மட்டும் ஆடச் சொல்வார்கள். மறுநாள் பத்திரிகை அவருடைய குடும்பப் பெயரை மட்டும் போடும், அதுவும் சில சமயம் எழுத்துப் பிழையோடு. வேண்டுமென்றே பெயரை மறைத்தவர்களும் உண்டு. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற எடி காலின்ஸ், 1906-ல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது பிலடெல்பியா அணிக்காக 'சல்லிவன்' என்ற பெயரில் ஆடினார். நிஜப் பெயரில் ஆடியது தெரிந்தால் கல்லூரி அணியில் இடம் போய்விடும்.

நூற்றைம்பது வருடம் முன்பு ஆடிய ஆளின் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்வேன்.

1879 ஜூன் 21. ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரர் (மட்டையாளர் அடித்துவிட்டு ஓடிச் சேரும் முதல் முனையில் நிற்பவர்) ஜோ ஸ்டார்ட்டுக்கு விரலில் காயம். பக்கத்திலேயே இருந்த பிரவுன் பல்கலைக்கழக மாணவர் வில்லியம் எட்வர்ட் ஒயிட்டை அவருக்குப் பதிலாக இறக்கினார்கள். நான்கு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் அடித்தார், ஒரு ரன் எடுத்தார், அணியும் வென்றது. அதன் பிறகு அவர் பெரிய லீக்கில், அதாவது நாட்டின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில், ஆடவே இல்லை. பதிவேட்டில் அவர் ஒரே ஒரு வரி.

அதே வருடம் எடுத்த பிரவுன் பல்கலைக்கழக அணியின் படத்தில் அவர் இருக்கிறார். சக மாணவர்களோடு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர், அவ்வளவுதான். 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த ஒற்றை வரிக்காரர் யார் என்று தோண்டினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிக்கும், அவர் அடிமையாக வைத்திருந்த கலப்பினப் பெண்ணுக்கும் பிறந்த மகன் அவர் என்று தெரியவந்தது. 2004-ல் செய்தி வெளியானது. பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் 1884-ல் டொலீடோ அணிக்கு ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஒயிட் அதற்கு ஐந்து வருடம் முன்பே ஆடியிருக்கிறார்.

அவர் பிற்காலத்தில் சிகாகோவில் வெள்ளைக்காரராகவே வாழ்ந்தார் என்பதால், அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அது வேறு பேச்சு. ஒரு சாதாரணக் கல்லூரிப் படம் இந்த ஒரு பெயரால் வேறு படமாகிவிட்டது, இல்லையா?

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முகத்தைப் பார்க்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். முகத்தை முதலில் பார்த்தால் 'இவர் அவர் மாதிரி இருக்கிறாரே' என்று மனம் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயருக்குச் சாட்சியாகவே தெரியும். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடங்குங்கள்.

முதலில் அது என்ன பொருள் என்று பாருங்கள். வெள்ளிப் பூச்சுத் தகட்டில், சாய்த்தால் கண்ணாடி போல மின்னினால் அது டகேரோடைப். 1840-களும் 1850-களும் அதன் காலம். மெல்லிய இரும்புத் தகட்டில் இருந்தால் டின்டைப். அமெரிக்காவில் 1856-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது, அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது. இரண்டரைக்கு நான்கு அங்குல அட்டையில் ஒட்டிய காகிதப் படம் 'கார்ட் த விசிட்', 1860-களில் கொடிகட்டிப் பறந்தது. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் இருந்தால் கேபினட் அட்டை. அது 1866-க்கு மேல் வந்து, 1870-களில் சிறிய அட்டையை ஓரங்கட்டியது.

அட்டையின் பின்னால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அமெரிக்க அரசு 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை புகைப்படங்களுக்கு வரி விதித்தது. ஸ்டாம்ப் இருந்தால் படம் அந்த இருபத்துமூன்று மாதத்துக்குள் விற்கப்பட்டிருக்கிறது. கவனியுங்கள், விற்கப்பட்டது. எடுத்தது அதற்கு முன்பாகவும் இருக்கலாம், பழைய நெகட்டிவிலிருந்து பிரதி போட்டு விற்பது சகஜம்.

அடுத்து ஸ்டுடியோ பெயரும் முகவரியும். அக்கால நகரங்களில் ஆண்டுதோறும் டைரக்டரி அச்சிடுவார்கள். புகைப்படக்காரர் எந்தத் தெருவில் எந்த வருடங்களில் கடை வைத்திருந்தார் என்று அதில் பார்க்கலாம். கடை மூன்று வருடம்தான் அந்த முகவரியில் இருந்தது என்றால், படமும் அந்த மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். ஊரும் காலமும் பிடிபட்டுவிட்டால், அந்த ஊரில் அந்த வருடங்களில் ஆடிய இருபது முப்பது பேரில் ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பழைய படங்களில் இடது வலது மாறியிருக்கும் என்கிறார்களே?

டகேரோடைப்பிலும் டின்டைப்பிலும் அப்படித்தான். நெகட்டிவ் கிடையாது, கேமராவுக்குள் வைத்த தகடுதான் கடைசிப் படம். அதனால் கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் திரும்பியிருக்கும். வலது கைக்காரர் இடது கைக்காரராகத் தெரிவார், சட்டை எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும்.

இதில் ஏமாந்தவர்கள் பேஸ்பால்காரர்கள் மட்டுமல்ல. பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்காரரின் புகழ்பெற்ற டின்டைப்பைப் பார்த்து அவர் இடது கைக்காரர் என்று பல தலைமுறை நம்பியது. அவர் கையிலிருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப் பக்கம் இருக்க வேண்டும். படத்தில் அது இடப் பக்கம் இருக்கிறது. படமே திரும்பியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் புரிந்தது.

எழுத்து இல்லாத படத்தில் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடப் பக்கம் காஜா, வலப் பக்கம் பொத்தான். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். காகிதப் படங்களில் இந்தச் சிக்கல் பொதுவாக வராது, ஆனால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த கதைகள் உண்டு. 1957-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட வீரர் பட அட்டையில் ஹாங்க் ஆரன் இடது கை மட்டையாளராக நிற்கிறார். அவர் வலது கை ஆட்டக்காரர். நாடே அறிந்த நட்சத்திரத்துக்கே இப்படி என்றால், 1870-களின் ஊர் பேர் தெரியாத ஆளுக்கு என்ன உத்தரவாதம்?

சீருடையை வைத்து அணியைச் சொல்லிவிடலாமா?

பல சமயம் சொல்லலாம். எந்த அணி எந்த வருடம் எந்த மாதிரி சட்டை போட்டது, கழுத்துப் பட்டை எப்படி, நெஞ்சில் எந்த எழுத்து, காலுறையில் எத்தனை பட்டை என்றெல்லாம் பத்திரிகைக் குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் வருடம் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். 1860-களில் நெஞ்சில் கேடயம் போலத் துணி வைத்துச் சுற்றிலும் பொத்தான் போட்ட சட்டை பிரபலம். பின்னால் நாடா கோத்துக் கட்டும் சட்டைகள் வந்தன. 1882-ல் நேஷனல் லீக் ஒரு விசித்திரம் செய்தது. சட்டை நிறம் அணிக்கு ஒன்று என்றில்லாமல் களத்தில் நிற்கும் இடத்துக்கு ஒன்று என்று ஆக்கியது. எதிரெதிர் அணிகளின் பிட்சர்கள் இருவருக்கும் ஒரே நிறச் சட்டை. காலுறை மட்டும்தான் அணியைக் காட்டும். யாருக்கும் பிடிக்காமல் அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே கைவிட்டார்கள்.

நிறம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பழைய புகைப்பட ரசாயனத்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் சிவப்புத் துணி படத்தில் கன்னங்கரேல் என்று விழும், வெளிர் நீலமோ கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். 1869-ன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் சிவப்புக் காலுறைகள் படங்களில் கரும் நிறத்தில்தான் இருக்கின்றன. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறதே என்று கறுப்புக் காலுறை அணியைத் தேடிப் போனால் வாரக்கணக்கில் வீண். முகத்துக்கும் இது பொருந்தும். நீலக் கண்கள் வெளிறிப் போய் பேய்க்கண் போல இருக்கும், வெயிலில் சிவந்த தோல் கறுத்துத் தெரியும்.

கையுறை, மட்டை, முகமூடி எல்லாம் உதவுமா?

'இதற்கு முன் எடுத்திருக்க முடியாது' என்று சொல்ல உதவும். கேட்சரின் கம்பி முகமூடி 1877-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியில் வந்தது. வெளியே தெரிகிற மாதிரி கால் காப்பு கட்டி ரோஜர் பிரெஸ்னஹான் களம் இறங்கியது 1907-ல். 1885 முதல் 1893-க்கு முன்பு வரை மட்டையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்க விதி அனுமதித்தது. மைதானப் படம் என்றால் தரையைப் பாருங்கள். மட்டையாளர் முன்னால் இருக்கும் ஹோம் பிளேட் 1900-ல்தான் ஐங்கோணமானது, அதற்கு முந்தைய சில பத்தாண்டுகள் சதுரம்.

கையுறை கொஞ்சம் ஏமாற்றும். 1870-களின் நடுவில் சிலர் தோல் நிறத்தில் மெல்லிய கையுறை போட்டார்கள், வலி தாங்காதவர் என்று ரசிகர்கள் கிண்டல் செய்வார்களே என்ற பயம். அந்தக் காலப் படத்தில் வெறுங்கை போலத் தெரிவது வெறுங்கைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

படத்தில் இருப்பது பேஸ்பால்தான் என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி, நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. 1850-களில் நியூயார்க் பக்கம் கிரிக்கெட்டும் செழிப்பாக இருந்தது. ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியைக் கட்டிய ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர், செயிண்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவர். ஒரே ஆள் இரண்டு ஆட்டத்துக்கும் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். கால் காப்பும் தட்டை மட்டையும் ஸ்டம்பும் பார்த்த மாத்திரத்தில் நமக்குப் புரிந்துவிடும். அவை இல்லாமல் வெள்ளை உடையில் பந்தை மட்டும் பிடித்து நிற்பவர் விஷயத்தில்தான் அவசரப்படக் கூடாது.

இன்னொரு குழப்பம் தீயணைப்புப் படையினர். மேலே சொன்ன கேடயத் துணிச் சட்டையை அவர்களும் போட்டார்கள், பெரிய பக்கிளோடு பெல்ட்டும் கட்டினார்கள். 'ஆரம்பகால பேஸ்பால் வீரர்' என்று விற்பனைக்கு வரும் டின்டைப் படங்களில் இவர்களும் கலந்து வருகிறார்கள். பந்து, மட்டை, அணி எழுத்து ஏதாவது ஒன்று இல்லாத படத்தை பேஸ்பால் என்று நான் ஏற்பதில்லை.

சரி, எப்போதுதான் முகத்தைப் பார்ப்பது?

ஊர், காலம், அணி மூன்றும் பிடிபட்ட பிறகு. அப்போதும் காதில் தொடங்குங்கள்.

மீசை வரும் போகும், முடி கொட்டும், உடம்பு போடும், மூக்குகூட அடிபட்டு வளையும். பேஸ்பால் வீரர்களுக்கு அது அடிக்கடி நடந்தது. காதின் அமைப்போ வளர்ந்த பிறகு அவ்வளவாக மாறுவதில்லை. தோடு போடுகிற கீழ்ச்சதை மட்டும் வயதானால் கொஞ்சம் தொங்கும். மேல் விளிம்பு எப்படி மடிகிறது, உள்ளே இருக்கும் மேடு எங்கே பிரிகிறது, கீழ்ச்சதை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு படங்களிலும் தலை ஏறக்குறைய ஒரே கோணத்தில் திரும்பியிருந்தால்தான் ஒப்பீடு செல்லும், திரும்பிய படமாக இருந்தால் நேராக்கிவிட்டுப் பாருங்கள்.

முக்கியமான விஷயம், நீங்கள் ஒற்றுமையைத் தேடக் கூடாது, வேற்றுமையைத் தேட வேண்டும். கோணமோ வெளிச்சமோ வயதோ விளக்க முடியாத ஒரே ஒரு வேற்றுமை கிடைத்தால் போதும், அவர் இவர் இல்லை. பத்து ஒற்றுமை இருந்தாலும் 'இருக்கலாம்' என்பதைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அதே ஒற்றுமைகளோடு வேறு ஆயிரம் பேர் அந்த நகரத்தில் வாழ்ந்திருப்பார்கள். அண்ணன் தம்பிகள் என்றால் இன்னும் கஷ்டம். டெலஹன்டி குடும்பத்தில் ஐந்து சகோதரர்கள் பெரிய லீக்கில் ஆடினார்கள்!

நான் விரும்பிச் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. ஒயிட் கதையில் விரல் காயத்தோடு வெளியே உட்கார்ந்த ஜோ ஸ்டார்ட்டை நினைவிருக்கிறதா? 1865-ல் சார்லஸ் வில்லியம்சன் எடுத்த புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணிப் படத்திலும் அவர் இருக்கிறார், இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞராக. 1880-கள் வரை ஆடியதால் அவருக்குப் படங்கள் நிறைய. ஒரே மனிதரின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கண் தானாகக் கற்றுக்கொள்ளும். தெரிந்த ஆளிடம் பழகிய கண்ணோடுதான் தெரியாத ஆளிடம் போக வேண்டும்.

முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அது இன்றைய தெளிவான படங்களில் பழகியது. அரை அங்குல முகம், சிவப்பு விழாத ரசாயனம், நெகட்டிவில் பென்சிலால் திருத்திய கண் புருவம், இதையெல்லாம் வைத்து அது தருகிற சதவீதத்தை என்னால் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாரை ஒப்பிடலாம் என்று யோசனை சொல்ல வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கர்பாக்கர் டகேரோடைப் சர்ச்சை என்பது என்ன?

1845 செப்டம்பரில் நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் கிளப் விதிகளை எழுதி வைத்தது. அந்தக் கிளப்பின் அலெக்சாண்டர் கார்ட்ரைட்டை 'பேஸ்பாலின் தந்தை' என்று பிற்காலத்தில் கொண்டாடினார்கள். அவர் குடும்பத்து வழியாக ஒரு டகேரோடைப் வந்தது. ஆறு ஆண்கள், இரண்டு வரிசை. நடுவில் இருப்பவர் கார்ட்ரைட், மற்றவர்கள் கிளப் தோழர்கள் என்று எத்தனையோ இடங்களில் அச்சாகியிருக்கிறது.

ஆனால் யார் கையிலும் மட்டையோ பந்தோ இல்லை. சீருடை இல்லை. கிளப் சீருடையைத் தீர்மானித்ததே 1849-ல்தான், கார்ட்ரைட்டோ அந்த வருடத் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் புறப்பட்டு, ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். எனவே அவர் நண்பர்களோடு எடுத்த படம் என்றால் அதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் படத்தில் இருப்பவரை, கார்ட்ரைட் என்று உறுதியாகத் தெரிந்த மற்றப் படங்களோடு சிலர் ஒப்பிட்டு, அவர் இவர் இல்லை என்றார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், படம் குடும்பத்திடமிருந்து வந்தது என்பது நல்ல சாட்சி, ஆனால் குடும்பத்திடம் இருக்கும் ஒரு பழைய படத்தில் தாத்தாதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஆல்பத்தையே பாருங்கள், யார் என்று சொல்ல முடியாத மாமாக்கள் எத்தனை பேர்! கிளப் படம் என்ற பெயரை நான் கேள்விக்குறியோடுதான் எழுதுவேன்.

படத்திலேயே பெயர் எழுதியிருந்தால் வேலை முடிந்ததா?

பாதி முடிந்தது. யார், எப்போது எழுதினார்கள் என்று பாருங்கள். எடுத்த காலத்து மையா, ஐம்பது வருடம் கழித்துப் பேத்தி எழுதிய பால்பாயிண்ட் பேனாவா?

நியூயார்க்கின் பெய்ன் செய்தி நிறுவனத்தின் சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. அவசர அவசரமாக நெகட்டிவிலேயே கீறி எழுதிய தலைப்புகள். வெறும் 'மில்லர்', 'ஸ்மித்'. பிழைகள் ஏராளம். 2008 ஜனவரியில் அந்த நூலகம் இவற்றில் ஒரு பகுதியை ஃப்ளிக்கர் தளத்தில் போட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டது. பேஸ்பால் ஆர்வலர்கள் வரிசையாக வந்து, இந்த மில்லர் எந்த மில்லர், பின்னால் தெரியும் வேலி எந்த மைதானத்து வேலி, அன்றைய எதிரணி யார் என்று திருத்தினார்கள். நூலகம் சரிபார்த்துத் தன் பட்டியலையும் மாற்றியது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நடந்த அழகான விஷயங்களில் இது ஒன்று.

அச்சிட்ட அட்டைகளும் வேத வாக்கு இல்லை. குட்வின் கம்பெனி 1887 முதல் 1890 வரை 'ஓல்ட் ஜட்ஜ்' சிகரெட் பெட்டிகளுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களின் சிறு புகைப்படங்களை வைத்து விற்றது. ஸ்டுடியோவில் நூலில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, பிடிப்பது போல நிற்க வைத்து எடுத்தவை. சிலவற்றில் நூல் நன்றாகவே தெரியும். பல சிறிய லீக் ஆட்டக்காரர்களுக்கு இதைவிட்டால் வேறு படமே இல்லை, அதனால் இவற்றை நான் பொக்கிஷமாக நினைக்கிறேன். ஆனாலும் பெயர் மாறிய அட்டைகளும் எழுத்துப் பிழைகளும் அவற்றில் உண்டு. 1909-ல் வெளிவரத் தொடங்கிய டி206 என்ற அட்டை வரிசையில் ஷெரி மகீ என்பவரின் பெயரை ஓர் எழுத்து மாற்றி அச்சிட்டு, பின்னால் திருத்தினார்கள்.

அணிப் படங்களில் ஒட்டுவேலையையும் கவனியுங்கள். தனித்தனியாக எடுத்த தலைகளை வெட்டி ஒட்டி மறுபடி படம் எடுத்து 'அணிப் படம்' என்று விற்றார்கள். அதில் ஒரு தலை மூன்று வருடம் பழையதாக இருக்கலாம்.

ஒரே ஒரு ஆட்டம் ஆடியவரை எப்படித் தேடுவது?

பத்திரிகையும் சென்சஸும்தான் வழி, இரண்டிலும் ஓட்டை உண்டு. 1880-களில் ஆடியவரை 1880 சென்சஸில் சின்னப் பையனாகப் பிடிக்கலாம், 1900 சென்சஸில் வேறு தொழில் செய்பவராகப் பிடிக்கலாம். நடுவில் 1890 கணக்கெடுப்புத் தாள்கள் 1921-ல் நடந்த தீ விபத்தில் சேதமாகி, பெரும்பகுதி இல்லாமலே போய்விட்டன. அந்த இருபது வருட இடைவெளியில் எத்தனையோ பேர் நழுவிவிட்டார்கள்.

லூயிஸ் என்று ஒருவர். 1890 ஜூலை 12 அன்று பிளேயர்ஸ் லீகின் புரூக்ளின் அணிக்காக பஃபலோவுக்கு எதிராகப் பந்து வீசினார். மூன்று இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தார், பேஸ்பாலில் அது படுமோசம். அப்புறம் அவர் எங்குமே இல்லை. முதற்பெயர்கூட இன்றுவரை தெரியாது. பஃபலோ பக்கத்து இளைஞராக இருக்கலாம், எங்கோ ஓர் உள்ளூர் அணிப் படத்தில் பெயரில்லாமல் நின்றுகொண்டிருக்கலாம். அந்த ஊர்ப் பழைய படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

கறுப்பின வீரர்களின் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

எடுக்கப்பட்டவையே குறைவு, பாதுகாக்கப்பட்டவை அதைவிடக் குறைவு. பட் ஃபௌலர் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் வளர்ந்தவர், நாடு முழுக்க எத்தனையோ ஊர் அணிகளுக்கு ஆடியவர். 1885-ன் கியோகுக் அணிப் படத்தில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே நிற்கிறார். அந்தக் கூப்பர்ஸ்டவுனிலேயே இருக்கும், பேஸ்பாலின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க 2022 ஆனது.

படத்தில் இல்லாததையும் படிக்க வேண்டும். 1887-ல் சிரக்கியூஸ் அணியின் பிட்சர் ராபர்ட் ஹிகின்ஸ் கறுப்பினத்தவர் என்பதால், சக பிட்சர் டக் குரோதர்ஸ் அவரோடு சேர்ந்து அணிப் படம் எடுக்க மறுத்து, மேலாளரையே அடித்து, தண்டனையும் வாங்கினார். ஆகவே ஒருவர் அணிப் படத்தில் இல்லை என்றால் அவர் அந்த அணியில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதே மாதிரி, படத்தில் ஓரமாக நிற்கும் கறுப்பின இளைஞரை 'உதவியாள்' என்று பழைய தலைப்பு சொன்னால், அதை நம்புவதற்கு முன் அந்த வருட ஆட்ட விவரங்களைப் பாருங்கள்.

இந்தப் படங்களுக்கு விலை உண்டா?

உண்டு, அதனால்தான் ஆசையில் பெயர் வைப்பதும் நடக்கிறது. நான் மேலே சொன்ன 1865 அட்லாண்டிக்ஸ் படத்தின் ஒரு பிரதி மெய்ன் மாநிலத்தில் யாரோ வீட்டுப் பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது. 2013-ல் ஏலத்தில் 92,000 டாலருக்குப் போனது. பெயர் தெரியாத டின்டைப்புக்கும் புகழ்பெற்ற பெயர் ஒட்டிய டின்டைப்புக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். விற்கிறவர் சொல்லும் பெயரை அந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். நியூயார்க் பொது நூலகத்துக்கு 1921-ல் வந்த ஆல்பர்ட் ஸ்பால்டிங் சேகரிப்பிலிருந்தும், பாஸ்டன் பொது நூலகத்தின் மக்ரீவி சேகரிப்பிலிருந்தும் 1970-களிலும் அதையொட்டியும் பல பொருட்கள் காணாமல் போயின. பின்பக்கத்தில் முத்திரையைச் சுரண்டிய தடம் இருந்தால் வாங்காதீர்கள், நூலகத்துக்குச் சொல்லுங்கள்.

இங்கிருந்தே இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பெரிய அளவு ஸ்கேன்களை இலவசமாகத் தருகிறது. சிறிய படத்தை வைத்து மல்லுக்கட்டாதீர்கள், கிடைப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதே நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பும் இலவசம். 1883-ல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் லைஃப், அதற்கும் முந்தைய நியூயார்க் கிளிப்பர் இரண்டையும் இணையத்தில் படிக்கலாம். கிளிப்பர் வீரர்களின் மரச்செதுக்குப் படங்களை வெளியிட்டது. அவை புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியவை, கூடவே பெயரும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். தலைமுடி வகிடு, டை முடிச்சு, கோட்டு மடிப்பு வரை ஒத்துப்போகிற ஒரு செதுக்கு கிடைத்துவிட்டால், அந்தப் பெயரில்லாத புகைப்படத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. ஆளின் முகத்தை ஒப்பிடாமல், படத்தையே படத்தோடு ஒப்பிடுகிறோம் பாருங்கள்.

கண்டுபிடித்த பிறகு எப்படி எழுதி வைப்பது? கடைசி வரை பெயர் கிடைக்கவில்லை என்றால்?

பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்ற மூன்று சொற்களை நான் பயன்படுத்துகிறேன். ஒரே படத்தில் ஒன்பது பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எட்டுப் பேர் தெரிந்துவிட்டதால் மிஞ்சியவர் ஒன்பதாவது பெயர்தான் என்று கழித்தல் கணக்குப் போட்டால், அதையும் அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் அன்றைக்குப் பத்தாவதாக ஒருவர் அணியில் இருந்திருக்கலாம்.

கிடைக்கவில்லை என்றால் 'பெயர் தெரியவில்லை' என்று போட்டுவிட்டு, தெரிந்ததையெல்லாம் கீழே எழுதுங்கள். ஊர், ஸ்டுடியோ, வருட வரம்பு, நிற்கும் இடம், இடது காதின் வடிவம், இவர் யார் யார் இல்லை என்று நீங்கள் ஏற்கெனவே தள்ளிய பெயர்கள். அந்தத் தள்ளிய பெயர்ப் பட்டியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்து வருகிறவர் அதே எட்டுப் பேரை மறுபடி ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, நேராக ஒன்பதாவது ஆளிடம் போகலாம்.